சனிக்கிழமைகளில் அறை மாறிய குட்டிகள்

போன வாரம் மகள் போகும் டியூஷன் வகுப்பில் பெற்றோர் கூட்டம். மழை என்றால் கண்டியில் இருக்கிற எல்லா வாகனமும் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் தொப்பலாக நனைந்து, பிந்திப் போய், வாசலோரமாக இருந்த கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன். காலடியில் தென்னந்தும்பு மிதியடி ஒன்று ஊறிக் கிடந்தது. ஈரத் தும்பின் அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் மனசு கூட்டத்தை விட்டுக் கழன்று எங்கோ போகத் தொடங்கிவிட்டது.

முன்னால் நின்ற இளம் ஆசிரியர் புதுத் திட்டம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். இனி மாதாமாதம் பரீட்சை. ஏறத்தாழ ஒரே புள்ளி எடுத்த பிள்ளைகள் எல்லாம் ஒரே அறை. அடுத்த மாதம் புள்ளி மாறினால் அறையும் மாறும். "அப்பத்தான் கெட்டிக்காரப் பிள்ளை மத்தப் பிள்ளைய அமுக்காது" என்றார். நான் சிரித்துவிட்டேன், அதுவும் வாய்விட்டு. மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். ஆசிரியர், "ஏதும் சொல்ல விரும்புறீங்களா, சேர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சொல்ல ஆசைதான். ஆனால், இதே திட்டத்தைப் பன்றிக் குட்டிகளிடம் பரீட்சித்துப் பார்த்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன் என்று நாலு பெற்றோர் நடுவில் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன். உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை.

கால்நடை வளர்ப்பில் டிப்ளோமா முடித்துக்கொண்டு நான் வேலை தேடி அலைந்த காலம் அது. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது கோழி மட்டும்தான். பன்றிப் பாடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள். மனிதன் கண் திறந்திருக்க முடியாத நேரம். ஆனால் கோழிப் பண்ணைக்காரர் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது கம்பளையிலிருந்து புசல்லாவைக்குப் போகும் வழியில், பஸ் வீதியிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய ஒரு பன்றிப் பண்ணை. வீட்டில் என் அம்மா, "என்ன பண்ணைடா?" என்று கேட்டார். "கால்நடைப் பண்ணை" என்றேன். "மாடா?" என்றார். "மாடு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பண்ணைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு பாடசாலை விடுதிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். யுத்தம் ஊர் ஊராகத் துரத்தியதில், கடைசியாக இந்த மலைப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நான் அம்மா என்றே கூப்பிட்டேன். நெடிய, ஒல்லியான பெண். கொட்டில் பக்கம் வரவேண்டி வந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார். மகள் கனடாவில். தாய் தகப்பனைக் கூப்பிட மகள் எல்லாக் கடதாசியும் சரிசெய்து வைத்துக் காத்திருந்தாள். அம்மாவின் மனசு எப்போதோ பிளேன் ஏறிவிட்டது. மாஸ்டருக்குத்தான் கால் எழவில்லை.

விடுதியை விட்டு வந்தாலும் விடுதி மாஸ்டரை விட்டுப் போகவில்லை. கொட்டிலின் ஒவ்வொரு தடுப்பும் அவருக்கு 'அறை'. பால் மறந்த குட்டிகள் 'பிள்ளையள்'. கூரையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் அதில் அடித்து மணி எழுப்புவார். முதலில் குளிப்பு, பிறகு சாப்பாடு, பிறகு விளையாட்டு. விளையாட்டுக்கென்று ஒரு பழைய டயரையும் தேங்காய் உரிமட்டைகளையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்னேரம் திரும்ப மணி, திரும்பச் சாப்பாடு, பிறகு அமைதி. "இறைச்சிக்குக் குடுக்கிறதுக்கு வளர்க்கிறதைப் பிள்ளை எண்டாதேங்கோ" என்று அம்மா திட்டுவார். மாஸ்டர் காதில் விழாதது மாதிரி மணியை இன்னொரு முறை அடிப்பார்.

இதெல்லாம் சரி. சனிக்கிழமைதான் வில்லங்கம். அன்று மாஸ்டரின் நிறுவைத் திருநாள். தராசைக் கூரையில் கொளுவி, குட்டிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுத் தூக்கி நிறுப்போம். அவை போடும் சத்தத்தைக் கேட்டுக் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நிறுத்து முடித்ததும் பெரிசெல்லாம் மேல் அறை, நடுத்தரம் நடு அறை, சின்னது கீழ் அறை. ஒரு வாரத்தில் ஒன்று அதிகம் தின்று கொழுத்திருக்கும், இன்னொன்று வயிற்றோட்டத்தில் மெலிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு சனியும் பாதிப் பேருக்கு அறை மாற்றம்.

ஏன் இப்படி என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். அவர் சொன்ன காரணம் நல்ல மனசுக்காரன் சொல்லும் காரணம். "விடுதியிலை நான் கண்டது அதுதான், தம்பி. பெரிய பெடியன் சின்னப் பெடியன்ரை சோத்தைப் பறிப்பான். ஒரே அளவா இருந்தா ஆரும் ஆரையும் அடக்கேலாது. இதிலை நீர் என்ன பிழை சொல்லுறீர்?" நான் என்ன பிழை சொல்ல? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோழிகளுக்கு இப்படி அறை மாற்றுவதாக நான் படித்ததில்லைதான். ஆனால் கோழியைச் சாக்கில் போட்டு நிறுத்ததாகவும் படித்ததில்லையே.

சனி பின்னேரம் மணி அடித்து 'அமைதி' சொன்ன கையோடு யுத்தம் தொடங்கும். ஒரே அளவுக் குட்டிகள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. தோளும் தோளும் முட்டி, காதைக் கடித்து, வாலைக் கடித்து, ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் கீறல் இல்லாத உடம்பு இல்லை. புண்ணுக்கு ஊதா நிற மருந்து தடவுவோம். மாஸ்டரே கிண்ணத்தோடு குந்தியிருந்து ஒவ்வொரு காதுக்கும் தடவுவார். திங்கட்கிழமை எங்கள் பண்ணையில் பாதி ஊதாப் பன்றிகள்.

இந்த ஊதா எங்களுக்குப் பெரிய ஆபத்து. ஏனென்றால், அந்த வருடம் மாஸ்டருக்கும் அம்மாவுக்கும் இடையில் ஒரு உடன்படிக்கை நடந்திருந்தது. சாப்பாட்டு மேசையில், கிறிஸ்மஸைத் தவணையாகக் குறித்து, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு. "இந்தமுறைக் குட்டியள் நத்தாருக்கு முன்னம் நல்லாத் தேறினா நான் வாயைத் திறக்கமாட்டன், இஞ்சையே இருப்பம். போனதரம் மாதிரி நோஞ்சானா நிண்டா, கொட்டிலைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையிட்டைப் போவம். சரியோ?" என்றார் அம்மா. "சரி" என்றார் மாஸ்டர். என்னையும் பார்த்தார்கள். நானும் சரி என்றேன். அவர்கள் கனடாவுக்குப் போனால் நான் திரும்பவும் கோழி தேடிப் போகவேண்டியதுதான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஆகவே ஒவ்வொரு கடிபட்ட காதும் மாஸ்டரை மகள் இருந்த ரொறன்ரோவுக்கு ஒரு அடி தள்ளியது. அவர் அதை மறைக்கப் பட்ட பாடு பெரும் பாடு. ஊதா மருந்து சவர்க்காரத்துக்கு அசையாது. தேசிக்காய் பிழிந்து தேய்ப்பார், சாம்பல் போட்டுத் தேய்ப்பார், கடைசியில், விரல் நுனி தெரியாமல் மடக்கிப் பிடிக்க வசதியாக, கரண்டியால் சோறு சாப்பிடப் பழகிக்கொண்டார். பிறந்த நாள் முதல் கையால் பிசைந்து சாப்பிட்ட மனிதர்! "என்ன, இண்டைக்கும் துரைமார் சாப்பாடோ?" என்று அம்மா கேட்பார். மாஸ்டர், "நாகரிகம் பழகிறன்" என்று சொல்லி இடது கையை மேசைக்குக் கீழே ஒளிப்பார். நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்ன காரணம் என்று கண்டுபிடிக்க நாங்கள் விட்டுவைத்தது ஒன்றுமில்லை. உப்புக் குறைவு என்றேன் நான், உப்பைக் கூட்டினோம். மின்குமிழ் வெளிச்சம் கூடிப்போச்சு என்றேன். சாக்கைக் கட்டி மறைத்தோம். தரை குளிர் என்றேன். அது மட்டும் சரியாகப் போனது. புசல்லாவைப் பக்கத்துப் பனிமூட்டத்தில், மூன்று வேளையும் கழுவிய சீமெந்தில், தாயை விட்டுப் பிரிந்த குட்டி படுத்தால் நடுங்காமல் என்ன செய்யும்? கழுவுவதைக் குறைத்து, தும்புத்தூள் போட்டு மெத்தை மாதிரி நிரப்பினோம். நடுக்கமும் வயிற்றோட்டமும் நின்றன. சண்டை மட்டும் நிற்கவில்லை.

அந்தத் தும்புத்தூளைத் தந்தவர் கம்பளையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. அவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. எங்கள் பண்ணை என்ன பண்ணை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் முதல் நாளே, "பூக்கன்றுக்குத்தானே தம்பி?" என்று கேட்டார். நான், "ஆமாங்க நானா" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் பூ வளர்க்கிறவர்கள். மூட்டைகளை வாசல் படலையடியில் இறக்கிவிட்டு, மேலே திரும்பியும் பாராமல் போய்விடுவார். ஒருநாள், "பூவெல்லாம் நல்லா ஈக்கா?" என்று கேட்டார். எனக்கு மனசு சரியில்லாத நாள். "நல்லா இருக்குங்க நானா, ஆனா ஒண்ணையொண்ணு கடிச்சுக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நானா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. கொஞ்சம் யோசித்து, "எடம் காணாம இருக்கும். பூவா இருந்தாலும் நெருக்கி வச்சா அதுக்கும் கோவம் வரும்தானே" என்றார். மாஸ்டரிடம் சொல்லி, பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த தடுப்பின் இடைச்சுவரை உடைத்துக் கீழ் அறையைப் பெருப்பித்தோம். குட்டிகளுக்கு ஓடிச் சண்டை பிடிக்க வசதியாகப் போயிற்று.

அப்படி இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் மாஸ்டரின் அண்ணன் இறந்துபோய்விட்டதாகச் செய்தி. மாஸ்டர் உடனே புறப்பட்டார். பஸ்ஸில் ஏறும்போதுகூட, "சனிக்கிழமையை மறக்காதேயும் தம்பி" என்றுதான் சொன்னார். நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொட்டிலைக் கழுவப் போய், நானே கழுவிய தரையில் நானே வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். கம்பளை ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டிவிட்டார்கள். சாக்கைத் தூக்குவதென்ன, சட்டைப் பொத்தானே போட முடியவில்லை.

அம்மாவிடம் போய், "நாளைக்கு நிறுக்கணும், நீங்க ஒரு கை கொடுத்தா..." என்று இழுத்தேன். "ஒரு கையுமில்லை, ஒரு விரலுமில்லை" என்றார் அம்மா. சனி பின்னேரம் மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் விழிக்கிறதைப் பார்த்து அம்மா பறித்து எடுத்து, "ஓமோம், எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் செத்தவீட்டு அலுவலைப் பாருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். "அல்லாட்டி அந்த மனிசன் குட்டிக்காக அடுத்த பஸ்ஸிலை ஓடிவந்திடும்" என்றார் என்னிடம்.

மாஸ்டர் அங்கே அலுவல்களோடு மாட்டுப்பட்டுப் போனதில் அடுத்த சனியும் அப்படியே கழிந்தது. அறை மாற்றம் இல்லை. ஆனால் தீனி போட வேண்டுமே. என்னால் வாளி தூக்க முடியாததால் அம்மாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கினார். ஒரு கையால் மூக்கையும் மறு கையால் வாளியையும் பிடித்துக்கொண்டு பன்றிக்குத் தீனி போட முடியாது என்று அவருக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. மூக்கை விட்டார்.

ஒரு பின்னேரம் தீனி போடப் போனவரை வெகுநேரமாகக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். கீழ் அறையின் அரைச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உள்ளே தும்புத்தூளில் குட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நித்திரை. அந்த அறையின் ஆகப் பெரிசின் தாடைக்குக் கீழே ஒரு சின்னது மூக்கைச் செருகிக்கொண்டு கிடந்தது. முன்பு அதன் காதைக் கடித்ததே அந்தப் பெரிசுதான். ஒரு உடம்பிலும் புதுக் கீறல் இல்லை. பழைய ஊதா வெளுத்து வெள்ளைத் தோல் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"மருந்து தடவினனீரோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்கம்மா. தேவைப்படவே இல்லை."

"ம்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் என் பாடு திண்டாட்டம். அம்மா பேசாமல் இருந்தால் போதும். மாஸ்டர் வருவார், தராசைக் கொளுவுவார், சனி பின்னேரம் காது கிழியும், குட்டிகள் நோஞ்சானாகும், நத்தாருக்குள் கனடா நிச்சயம். மகளைப் பார்த்து எத்தனையோ வருடமான தாய். அவருடைய பக்கத்தில் இருந்து பார்த்தால், ஏன் வாயைத் திறக்கவேண்டும்? நான் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அந்த அம்மாவின் சோற்றைத் தின்றுகொண்டு அவருடைய பயணத்தில் மண் போட எனக்கு மனம் வரவில்லை. என் வேலையும் வேண்டும், அம்மாவின் சந்தோஷமும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்று தெரிந்தபடியால் சுளுக்குக்குத் தைலம் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

மாஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். பையை வைக்கமுன்னம் கொட்டிலுக்கு ஓடினார். குட்டிகளைப் பார்த்ததும் முகம் பூத்துவிட்டது. "பாத்தீரோ தம்பி! ஒரு கடி இல்லை. முறை பிழைக்காமல் செய்தா இப்பிடித்தான். நாளைக்கும் விடப்படாது" என்று தராசை எடுத்துக் கொளுக்கியில் மாட்டத் தொடங்கினார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"அதை மாட்டாதேங்கோ."

"ஏன்?"

"நீங்கள் இல்லாத நேரம் நாங்கள் ஒரு குட்டியையும் நிறுக்கேல்லை, மாத்தேல்லை. அதாலைதான் அதுகள் நித்திரை கொள்ளுதுகள்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். "பெரிசு சின்னனை அடக்குமெல்லே?" என்றார் அம்மாவிடம், விடுதிக் குரலில்.

"அடக்கும்தான். முதல்நாள் ஆர் பெரியவன் எண்டு பாக்கும், பிறகு எல்லாம் தங்கடை இடத்தை அறிஞ்சு படுத்திடும். நீங்கள் எல்லே கிழமைக்கொருக்கா முதல்நாள் ஆக்கிறியள்." அம்மா கொஞ்சம் நிறுத்தினார். "நாங்கள் எத்தினை இடம் விட்டு எழும்பினனாங்கள்? ஒவ்வொரு இடத்திலையும் கிணத்தடியிலை ஆர் நல்லவள், ஆர் சண்டைக்காரி எண்டு தெரிஞ்சு, சிரிச்சுக் கதைக்கிற நேரத்திலை எழும்பு எண்டாங்கள். திரும்ப வேறை சனம், வேறை கிணறு. எனக்கு அது போதும். அதுகளுக்காவது வேண்டாம்."

மாஸ்டர் தராசைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்திருக்கவேண்டும். "இஞ்சேரும், நத்தார்..." என்று தொடங்கினார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். அதோடு அழுகையும் வந்தது.

நத்தாருக்குள் குட்டிகள் எல்லாம் மினுங்கிக்கொண்டு நின்றன. மாஸ்டர் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். மகள் தொலைபேசியில் அழுதாள். அம்மா அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் தானும் குசினிக்குள் போய் அழுதார். கனடாக் கடதாசிகள் அலுமாரிக்குள் போயின. உடன்படிக்கை உடன்படிக்கைதான், அம்மா அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ஆனால் பின்னேரத் தீனி அதற்குப் பிறகு அம்மாவின் வேலையாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். மூக்கைப் பொத்தவும் இல்லை.

நான் அங்கே சில வருடம் இருந்துவிட்டுக் கண்டிக்கு வந்து, கோழித் தீனி விற்கும் கடை ஒன்று போட்டுக்கொண்டேன். பிறகு நாடெங்கும் பன்றிகளுக்கு ஒரு நோய் பரவியது. மாஸ்டரின் கொட்டிலுக்குள் அது வரவில்லை. ஆனாலும் எல்லோரும் இறைச்சி வாங்கப் பயந்தார்கள், பன்றிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டதால் புதுக் குட்டி எடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. மாஸ்டருக்கு முழங்காலும் விட்டுப்போயிருந்தது. தடை எடுபட்டதும் கடைசிப் பன்றிக் கூட்டத்தைக் கொடுத்துவிட்டு மூடப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

நீர்கொழும்புப் பக்கமிருந்து லொறி வந்திருந்தது. கொள்வனவுக்காரர் சிங்களவர், கெட்டிக்கார மனிதர். பெரிசுகளை முன்னுக்கும் சின்னதுகளைப் பின்னுக்கும் பிரித்து ஏற்றச் சொன்னார். பாரம் சரியாக நிற்குமாம். ஆட்கள் தடியோடு உள்ளே இறங்கினார்கள். மாஸ்டர் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு லொறிக்கு ஏறும் பலகைச் சரிவின் வாயில் நின்றுவிட்டார். தெரிந்த சிங்களத்திலும் தெரியாததைத் தமிழிலுமாகச் சொன்னார்: "நிறையைப் பாக்காதேங்கோ. அறை அறையா ஏத்துங்கோ. ஒரு அறைப் பிள்ளையள் ஒண்டாத்தான் போகவேணும்." கொள்வனவுக்காரர் என்னைப் பார்த்து, இந்தக் கிழவனுக்கு என்ன பிடித்தது என்பதுபோல் கையை விரித்தார். நான் தடுப்புப் பலகைகளைக் காட்டி, லொறிக்குள் அறைக்கொன்றாக மறித்துக் கட்டலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு கட்டினார்.

அம்மா வெறும் வாளியோடு முன்னால் நடந்தார். கீழ் அறை முதலில், பிறகு நடு அறை, பிறகு மேல் அறை. அவை அவர் பின்னால் ஏறிப் போயின. எங்கே போகின்றன என்று எங்கள் மூவருக்கும் தெரியும், அதை மாற்ற எங்களால் முடியாது. போகிற வழியில் முகம் தெரியாததோடு சண்டை பிடிக்காமல் போகட்டும் என்ற அளவுதான் எங்கள் கையில் இருந்தது. ஒரு கத்தல் இல்லாமல் லொறி இறங்கிப் போயிற்று.

கொட்டில் இப்போது இல்லை. சுற்றுலா வான்கள் நிறுத்த இடத்தைச் சமப்படுத்திக் கல் பதித்துவிட்டார்கள். கம்பளை நானாவும் கடையை மகன்மாருக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். மாஸ்டரும் அம்மாவும் ஒருவழியாக மகளிடம் போய்விட்டார்கள். போன மாதம் அம்மா தொலைபேசியில் பேசினார். குளிர், கால் வலி, பேரப்பிள்ளைகள் தமிழ் கதைக்கிறதில்லை, எல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக்கூடாத மாதிரிக் கேட்டார்: "அந்தப் பக்கம் இப்ப ஆராவது குட்டியள் வளர்க்கினமோ தம்பி?"

"இல்லைங்கம்மா" என்றேன். "யாரும் இல்லை."